ஒரு வாக்கியத்தைக் குழு எழுதும் விதம்

1.

திலக்சன் எழுகிறான். கேத்திலில் தண்ணீர் வைக்கிறான். பல் தீட்டுகிறான். தேநீர் ஊற்றுகிறான். பாதி குடிக்கிறான். காரின் மேல் கிடக்கும் பனியைத் தட்டுகிறான். மல்வேர்னிலிருந்து மார்க்கம் நகருக்கு ஓட்டுகிறான். அலுவலகத்தில் யாரும் எதுவும் கேட்பதில்லை. அது உதவியாக இருக்கிறது.

இது இந்தக் கதையின் நான்காவது தொடக்கம். முதல் மூன்றிலும் ‘நான்’ இருந்தது. எடுத்துவிட்டேன். ஏன் என்று சொல்லவேண்டும். கதை பிறந்ததும் அதனால்தான்.

திலக்சனின் மனைவி றஜிதா இந்தத் தை மாதம் புற்றுநோயில் இறந்துபோனாள். வயது முப்பத்திரண்டு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு எங்கள் ஆட்கள் ஒரு சிறு புத்தகம் அடித்துக் கொடுப்பார்கள். கல்வெட்டு என்று பெயர். காகிதம்தான். முதலில் தேவாரம், பிறகு வாழ்க்கை வரலாறு, கடைசியில் புலம்பல்கள். தாய் புலம்பல், சகோதரி புலம்பல், கணவன் புலம்பல். எல்லாம் ‘நான்’ என்று பேசும் பாடல்கள். அழுகிறவர்கள் அவற்றை எழுதுவதில்லை. பாட்டுக் கட்டத் தெரிந்த ஒருவர் எழுதுவார்.

றஜிதாவின் தாய்மாமன் சண்முகநாதனுக்குத் தெரியும். அவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

“தம்பி, உங்கட புலம்பல் முடிஞ்சுது. எட்டு வரி. வாசிக்கட்டே?”

ஆகவே என் ‘நான்’ வேறொருவர் கையால் எழுதப்பட்டுவிட்டது. எனக்கு மிஞ்சியது ‘அவன்’.

2.

றஜிதா முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தாள். இருபதாம் நூற்றாண்டுப் பிரித்தானிய அரசியலில் கம்யூனிஸ்ட் கட்சிக் குழுக்கள் கொள்கைகளை எப்படி வடிவமைத்தன என்பது அவள் பொருள். (வாசகர் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம் என்று இங்கே எழுதியிருந்தேன். வெட்டிவிட்டேன். தாண்டவேண்டாம்.)

அந்தக் கட்சிக்குப் பாராளுமன்றத்தில் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் இருந்ததில்லை. அதனிடம் இருந்தவை குழுக்கள். ஒரே தொழிலில் இருந்த கட்சிக்காரர்கள் தங்கள் தொழிற்சங்கத்தின் மாநாட்டுக்கு முன் ஓரிடத்தில் கூடுவார்கள். ஒரு தீர்மானத்தின் வாசகத்துக்காகச் சண்டை பிடிப்பார்கள். முடிவானபின் சண்டை இல்லை. வெளியே எல்லோருக்கும் ஒரே குரல். ஒவ்வொருவரும் தன் கிளைக்குப் போய், அதைக் கிளையின் தீர்மானமாக நிறைவேற்றுவார். மாநாட்டில் பல கிளைகளின் தீர்மானங்களை ஒட்டி ஒரு கூட்டுத் தீர்மானம் செய்வார்கள். அது சங்கத்தின் கொள்கையாகும். சங்கம் தன் உறுப்பினர் எல்லோருக்குமாக ஒரே கட்டாகப் போடும் வாக்கோடு அது தொழிற்கட்சியின் மாநாட்டுக்குப் போகும். அங்கே போய்ச் சேரும்போது அது யாருடைய வாக்கியம் என்று எவராலும் சொல்ல முடியாது.*

* 1969இல் வேலைநிறுத்தங்களுக்குக் கடிவாளம் போட நினைத்த தொழிற்கட்சி அரசு பின்வாங்கியது. கம்யூனிஸ்டுகள் முன்னின்ற ஒரு தொடர்புக் குழு அதற்கு எதிராக வேலைநிறுத்தங்களை நடத்தியிருந்தது. குழுதான் அரசைப் பணியவைத்தது என்பவர்கள் உண்டு. சங்கங்கள் எப்படியும் எதிர்த்திருக்கும் என்பவர்களும் உண்டு. றஜிதா இரண்டு பக்கமும் சாயவில்லை.

“குழு சும்மா ஒண்டைத் திணிக்கேலாது, திலக்,” என்பாள். “தாங்களே சொல்ல இருந்த மாதிரி இருந்தாத்தான் ஆக்கள் கை உயத்துவினம்.”

இதைப் பற்றிய அவள் அத்தியாயம் பாதியில் நிற்கிறது. இந்தக் கதை அதை முடிக்காது.

3.

ஞாயிறு மதியம். மார்க்கத்தில் சண்முகநாதன் வீட்டு பேஸ்மென்ற். குழு கூடியது. தலைமை அவர். றஜிதாவின் தாய் பாலேஸ்வரி. தங்கை யதுஷா, மடிக்கணினியோடு. பக்கங்களை அமைப்பது அவள் வேலை. திலக்சன்.

சண்முகநாதன் வாழ்க்கை வரலாற்றை வாசித்தார். ‘பிரித்தானிய அரசியலில் உயர் ஆய்வு மேற்கொண்டு’ என்ற இடத்தில் யதுஷா நிறுத்தினாள்.

“மாமா, கம்யூனிஸ்ட் எங்க?”

“அது வேண்டாம், பிள்ளை.”

“சீரியஸ்லி? அக்கா நாலு வருஷமா அதைத்தானே படிச்சவ.”

“படிக்கட்டும். அடுத்த பக்கம் தேவாரம் கிடக்கு. ரெண்டையும் முகத்துக்கு முகம் வைக்கேலாது.”

“பக்கத்தை மாத்திறன்.”

“உன்னை லேஅவுட்டுக்குத்தான் கூப்பிட்டது. புரட்சிக்கில்லை.”

பாலேஸ்வரிகூடச் சிரித்தார். பிறகு சண்முகநாதன் வரலாற்றின் கடைசிப் பந்தியை வாசித்தார்.

‘முருகா, முருகா எனத் திருநாமம் உச்சரித்தபடியே இறைபதம் எய்தினார்.’

“அக்காவோ?” என்றாள் யதுஷா. அக்காவின் கடைசி நேரத்தில் இவள் வேலையில் இருந்தாள். “கோயிலுக்குப் போனாலே கார் பார்க் பண்ணிப்போட்டு வாறன் எண்டு வெளியிலயே நிப்பா.”

“கடைசி நேரம் வேற, பிள்ளை,” என்றார் தாய். “முருகன்ர பேரைச் சொன்னவள். தம்பியும் நிண்டவர். என்ன தம்பி?”

எல்லோரும் திலக்சனைப் பார்த்தார்கள்.

அந்தக் கணத்தில் அவன் மனதில்

(இந்த வாக்கியம் முடியாது. அவன் மனதில் எதுவும் இல்லை.)

“பேரைச் சொன்னவ, மாமி.”

“பிறகென்ன,” என்றார் சண்முகநாதன். “ஏகமனதாய் நிறைவேறியது.”

4.

பாலேஸ்வரி என்ற பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் இருந்தது. ஒரு பிரதியில் அவர் பொய் சொன்னார். அந்தப் பிரதி நன்றாக ஓடியது. கிழித்துவிட்டேன். அவர் பொய் சொல்லவில்லை. றஜிதா பெயரைச் சொன்னாள். ஆனால் அது ஒரு முழு வாக்கியத்தின் நடுவில் இருந்தது. அந்த வாக்கியத்தை இருவர் கேட்டோம்.

(கேட்டார்கள்.)

தேநீருக்கு மற்றவர்கள் மேலே போனபின் திலக்சன் சொன்னான்: “மாமி, அவ சொன்னதை அப்பிடியே போடுவம்.”

“அப்பிடியே போட்டால் சனம் என்ன நினைக்கும்? தாயில எரிச்சல்பட்டுக்கொண்டு போனவள் எண்டு.”

“எரிச்சல் இல்லை, மாமி. பகிடி. சிரிப்புக்குச் சொன்னது.”

“உங்களுக்குப் பகிடி, தம்பி. எனக்கு அது என்ர பிள்ளை கடைசியா என்னைப் பேசின பேச்சு.”

அந்தப் புத்தகம் முழுவதிலும் றஜிதா வாய் திறக்கும் இடம் அது ஒன்றுதான். அங்கும் குழு பேசினால் அவளுக்கென்று ஒரு வரி இல்லை. இதை அவன் சொல்லியிருக்கலாம்.

பாலேஸ்வரி படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்தார்.

“உங்கட மனுசி. நீங்கள் போடச் சொன்னால் போடட்டும். நான் ஒண்டும் சொல்லன்.”

நாளை காலை அச்சகத்துக்கு அனுப்பவேண்டும். யதுஷா அந்தப் பந்தியை மட்டும் மஞ்சள் அடித்து வைத்திருக்கிறாள். “இது நிக்கட்டோ? ஓம், நோ எண்டு டெக்ஸ்ட் பண்ணுங்கோ, அத்தான். மிச்சம் நான் பாப்பன்.”

5.

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

குழுவின் வாக்கியம் நிற்கிறது. அந்தியேட்டி மண்டபத்தில் சாப்பாடு முடிந்து புத்தகம் கொடுக்கிறார்கள். ‘குடுத்து வச்சவள்’ என்கிறார் ஒருவர். பாலேஸ்வரி அன்றிரவு நித்திரை கொள்கிறார். திலக்சன்

றஜிதாவின் வாக்கியம் நிற்கிறது. ஒரு மேசையில் யாரோ சிரித்துவிடுகிறார்கள். நல்ல சிரிப்பு, அவளைத் தெரிந்தவர்கள் சிரிக்கும் சிரிப்பு. பாலேஸ்வரிக்கு அது கேட்கிறது.

மூன்றாவது, விஷயம் தெரியவந்தபின் யதுஷா சொன்ன யோசனை: ‘முருகனின் பெயரும் தாயின் நினைவுமாக விடைபெற்றார்.’ இரண்டு தரப்பையும் ஒட்டிய கூட்டுத் தீர்மானம். பிழை ஒன்றும் இல்லை. யாரும் எதிர்க்கமாட்டார்கள். யாரும் சொல்லாத வாக்கியம்.

மூன்றையும் வைத்துவிட்டேன். திலக்சன் இன்னும் பதில் அனுப்பவில்லை. எனவே வாசகரே, குழுவில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. உட்காருங்கள். கை உயர்த்துமுன் நடந்ததைக் கேளுங்கள்.

ஆஸ்பத்திரி அறை. இரண்டு கட்டில்கள், நடுவில் திரை. பாலேஸ்வரி கட்டில் காலடியில் நின்று, அழுதுகொண்டு, முருகா, முருகா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். திலக்சன் தலைமாட்டில் நின்றான். றஜிதா கண் திறந்தாள். தாயைப் பார்த்தாள். அவள் உதடு ஒரு பக்கமாக இழுபட்டது. சிரித்தாள் என்பது அவன் சாட்சி. நோவில் இழுத்தது என்பது தாயின் சாட்சி. பிறகு தெளிவாக, இருவருக்கும் கேட்கும்படி, சொன்னாள்:

“அம்மா, முருகனைக் கொஞ்சம் மெதுவாக் கூப்பிடுங்கோ. பக்கத்துக் கட்டில்காரி நித்திரை.”