காலில் கரண்ட், கண்ணில் கோல்

என் வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியன். நின்றுபோன ஃபேனை எல்லாம் ஓட வைப்பார். தன் மூத்திரப்பையை மட்டும் அவரால் அடக்க முடியவில்லை. திடீரென்று முட்டும், உடனே ஓட வேண்டும். போகிற இடமெல்லாம் "இதோ வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு ஓடுவதால் அவருக்கு 'இதோ வந்துட்டேன்' என்றே பேர் வைத்துவிட்டார்கள். அவர் சிரித்துக்கொள்வார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் மகள் கால்பந்து ஆடுகிறாள். கோல் அடிப்பதில் புலி. ஆனால் அவள் அடித்த ஒரு கோலைக்கூட இவர் பார்த்ததில்லை. இவர் கழிப்பறைக்குள் நுழைய வேண்டியதுதான், வெளியே ஆரவாரம் கேட்கும். அதனால் அப்பா எழுந்து போனால்தான் கோல் விழும் என்று அவளுடைய அணி முடிவே கட்டிவிட்டது. ஆட்டம் இழுத்துக்கொண்டு போனால் மைதானத்திலிருந்தே கையை வீசி இவரை விரட்டுவார்கள். கொழுப்பைப் பாருங்கள்! ஒவ்வொரு கோலையும் ஆட்டம் முடிந்தபிறகு அவள் வந்து சொல்லித்தான் கேட்டுக்கொள்வார்; மனுஷன் ஒரே ஒரு கோலைக் கண்ணால் பார்த்துவிட மாட்டோமா என்று ஏங்கிக்கொண்டிருந்தார்.

மாத்திரை எதுவும் கேட்கவில்லை. கரண்ட் வைத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். இவர் வெலவெலத்துப் போனார்.

"உடம்புல கரண்ட் பாயக் கூடாதுன்னுதானே இத்தனை வருஷமா ரப்பர் செருப்பு போட்டு வேலை செய்யறேன்?"

நர்ஸ் அவர் கணுக்காலுக்குச் சற்று மேலே மெல்லிய ஊசியைச் செருகி, சின்னப் பெட்டியிலிருந்து வந்த ஒயரை அதில் மாட்டினாள். "பயப்படாதீங்கண்ணே. இந்தக் கால் நரம்பும் மூத்திரப்பை நரம்பும் முதுகுத்தண்டுல ஒரே எடத்துல போய்ச் சேருது. இங்க தட்டினா அங்க அடங்கும்."

"ரெண்டும் ஒரே லைனா! அதை முதல்லயே சொல்லக் கூடாதா?" என்று காலை நிம்மதியாக நீட்டினார். கட்டைவிரல் தானாகத் துள்ளியது. "ஏய், சப்ளை வந்துடுச்சு பாரு!" என்று என் தோளில் ஒரு போடு போட்டார்.

வாரம் ஒரு தடவை, அரை மணி நேரம். முதலில் ஒரு மாற்றமும் இல்லை. "விரலாட்டம் பாக்கவா இவ்வளவு தூரம் வர்றோம்?" என்று எரிந்து விழுந்தேன். பிறகு ஒருநாள், ஏணியிலிருந்து ஒருமுறைகூட இறங்காமல் ஒரு ஹால் முழுக்க ஒயரிங் முடித்துவிட்டு வந்து நின்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இறுதி ஆட்டம். முடிகிற நேரம், இரண்டு பக்கமும் கோல் இல்லை. மகள் எங்களைப் பார்த்துக் கையை வீசினாள். எழுந்து போகச் சொல்கிறாள்! அணியே வீசியது. பின்வரிசையில் இருந்தவர்கள்கூட, "சார், ஒரு எட்டு போயிட்டு வாங்களேன்" என்று கெஞ்ச ஆரம்பித்தார்கள். எனக்கே மனசு ஆட்டம் கண்டது.

"என்னங்க, சும்மாவாச்சும் போயிட்டு வாங்க. புள்ளை தோத்துடப் போறா."

"தோத்தா தோக்கட்டும், அதையும் பாக்கறேன். எனக்கு வரலைடி!" பெஞ்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

மகள் தலையில் அடித்துக்கொண்டு திரும்பினாள். அந்த நேரம் பார்த்து இடது ஓரத்திலிருந்து பந்து பறந்து வந்தது. நெஞ்சில் வாங்கினாள், ஒருத்தியை ஏமாற்றித் திரும்பினாள், அடித்தாள். வலை குலுங்கியது! நான் தொண்டை கிழியக் கத்தினேன். இவர் கத்தவில்லை. கண் இமைக்கக்கூட இல்லை.

விசில் ஊதியதும் அவள் மூச்சிரைக்க ஓடி வந்தாள். பழக்க தோஷம், வந்ததும் வராததுமாக ஆரம்பித்தாள்: "அப்பா, நான் எப்படி அடிச்சேன்னா..."

"நீ வாயை மூடு," என்றார் இவர். "நான் சொல்றேன்."