நீல இன்ஹேலருக்குச் சந்தனம்

என் வளைகாப்பன்று ஒவ்வொரு வளையலுக்கும் எங்கள் கூடம் பத்தடி நீண்டது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பந்திக்கு இடம் போதும் என்று மாமியார் சந்தோஷப்பட்டார்.

எனக்கு ஏழாம் மாதம். ஆஸ்துமா எட்டு வயதிலிருந்து. என் நீல இன்ஹேலர் கூடத்தின் மறுகோடியில், சாமி அலமாரியில் இருந்தது. மருந்து பிள்ளைக்கு ஆகாது என்று மாமியார் எடுத்து வைத்திருந்தார். அதில் இன்னும் நாற்பத்தொரு முறை அழுத்த மருந்து பாக்கி. ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒன்று குறையும் பின்பக்கத்து எண்ணை மனப்பாடமாக வைத்திருந்தேன்.

கண்ணேறு கழியச் சாம்பிராணி போட்டார்கள். ஐந்தாவது வளையலில் என் நெஞ்சு விசிலடித்தது.

"அத்தை, இன்ஹேலர் வேணும்."

"மணையை விட்டு எந்திரிக்கக் கூடாது. வளையல் முடியட்டும்."

"மூச்சு விட முடியலை அத்தை."

"மாசமா இருந்தா அப்படித்தான். இவன் வயித்துல இருந்தப்ப எனக்கு மூச்சே கிடையாது."

மேலே கைகாட்டினார். என் கணவர் எழிலன் ஐந்தாம் மாதத்திலிருந்து சீலிங் பேனாக இருக்கிறார். புகையை எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டுக்கொண்டிருந்தார்.

"ஏங்க, நீங்களாவது சொல்லுங்க."

"அம்மா சொன்னா சரியா இருக்கும்" என்றார், சுற்றுக்கு ஒரு சொல்லாக.

முதல் வரிசையில் டாக்டர் ஹெலன் எலுமிச்சைச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். போன செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் இதே வாயால்தான் சொன்னார்: "மருந்தை நிறுத்தவே கூடாதும்மா. உனக்கு மூச்சு கிடைச்சாத்தான் உள்ள இருக்கிற பிள்ளைக்குக் கிடைக்கும்."

"டாக்டர், அதை இவங்ககிட்ட ஒருதரம் சொல்லுங்க."

"கர்ப்பிணிகளுக்குச் செவ்வாய்க்கிழமை. இன்னிக்கு வெள்ளி" என்றார். "சோறு நல்லா இருக்கு."

அழுகை வந்தது. அழுவதற்கும் மூச்சு வேண்டியிருந்தது. காலையிலிருந்து உதைத்துக்கொண்டிருந்த பிள்ளை இப்போது உதைக்கவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

இருபத்தோராவது வளையலில் அலமாரி ஒரு புள்ளியாகிவிட்டது. என் உதடும் இன்ஹேலரும் ஒரே நிறமாக இருப்பதை யாரோ சொன்னார்கள். மாமியார் மனமிரங்கினார்.

"சரி, குடுங்க. ஆனா முறைப்படி குடுக்கணும்."

வந்திருந்த பெண்கள் நாற்பத்தொரு பேரும் கூடத்தின் நீளத்துக்கு வரிசையாக நின்றார்கள். இன்ஹேலர் கைமாறி வந்தது. ஒவ்வொருவரும் அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். பிள்ளைக்கு ஆகுமா என்று பார்க்க, ஒருதரம் அழுத்தி முகர்ந்தார்கள்.

"அழுத்தாதீங்க" என்றேன். சத்தம் வரவில்லை. நாற்பது. முப்பத்தொன்பது. எண்ணுவதைத் தவிர என்னால் எதுவும் செய்ய முடியவில்லை.

கடைசி ஆள் டாக்டர் ஹெலன். கையைக் கழுவிவிட்டு வந்து அழுத்தினார். "நல்ல மருந்து" என்று மாமியாரிடம் கொடுத்தார்.

மாமியார் அதை என் உள்ளங்கையில் வைத்தார். பின்பக்கத்தில் பூஜ்யம்.

"இப்ப பயமில்லாம எடுத்துக்கம்மா. மருந்து பூரா போயிருச்சு."

எடுத்துக்கொண்டேன். சந்தன வாசனை மட்டும் வந்தது. இரண்டு கைகளும் உதறின. வளையல்கள் குலுங்கின. மாமியார் குனிந்து என் வயிற்றில் காதை வைத்தார்.

"நிறுத்தாத, ஆட்டு" என்றார். "பிள்ளை அசையாம கேட்டுக்கிட்டிருக்கு."