பால்மேல் பழி

"இனிமே பிள்ளைக்கு நீ பால் குடுக்காத. உன் பால்தான் அவனுக்கு எமன்!" என்று சொல்லி, குழந்தையை மருமகளின் மடியிலிருந்து பிடுங்கினாள் மாமியார்.

மருமகள் திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். தலைச்சன் பிள்ளை. அந்தச் சின்ன மூக்கு அடைத்துக்கொண்டு, மூச்சு கர்ர் கர்ரென்று இழுத்தது. காலையில் ஆஸ்பத்திரி நர்ஸ் என்ன சொன்னாள்? "பாலை மட்டும் நிறுத்தாதம்மா. சளி பிடிச்சவங்க யாரும் கிட்ட வரவேணாம். மூச்சு விடும்போது நெஞ்சு உள்வாங்குச்சுன்னா உடனே தூக்கிட்டு வந்துடு." மாமியாரும் பக்கத்தில் நின்று தலையைத் தலையை ஆட்டினாளே! வீட்டுப்படி ஏறியதும் அத்தனையும் காற்றோடு போயிற்று.

ஒரே அறை. சமையல், படுக்கை, துணி உலர்த்துவது எல்லாம் அதற்குள்தான். ஒட்டி ஒட்டிக் கட்டிய அந்த வரிசையில், கடைசி அறையில் தொடங்கிய இருமல் ஒவ்வொரு கதவாக நகர்ந்து வந்துகொண்டிருந்தது. அந்த அறைப் பச்சைப் பிள்ளை போன வாரம் கண்ணை மூடிவிட்டது. பெற்றவள் தலைக்குக் குளித்துவிட்டுப் பால் கொடுத்தாளாம், அதுதான் காரணமாம்! அவளைத் தாய்வீட்டுக்கு மூட்டை கட்டி அனுப்பிவிட்டார்கள். அந்த வீட்டு ஆண்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு திரிந்ததை எவர் கேட்டார்கள்? நல்ல நியாயம்தான் போங்கள்.

மழைச்சாரல் அடிக்கிறதென்று மாமியார் ஜன்னலில் போர்வையைச் செருகினாள். அடுப்புப் புகை போக வழியில்லாமல் அறைக்குள்ளேயே சுற்றியது.

அந்த நேரம் பார்த்து வேலை முடிந்து வந்தான் புருஷன். பஸ் கண்டக்டர். பாதி ஊரை ஒரு வண்டியில் திணித்து, மழைக்குக் கண்ணாடியை இறக்கி மூடிவிட்டு, விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு டிக்கெட் கிழிப்பவன். சில நாளாகவே மூக்கு ஒழுகுகிறது. லீவு கேட்டால் வேலைக்கே உலை வைத்துவிடுவார்கள். நுழைந்ததும் நுழையாததுமாக ஒரு தும்மல்.

"எங்கடா என் ராஜா?" என்று கையை நீட்டினான்.

மாமியார் பிள்ளையை அவன் மார்பில் சாய்த்தாள். "உன் பக்கத்துலயே போட்டுக்கப்பா. அவகிட்ட அண்ட விடாத."

"அத்தை, சளி அவருக்குத்தான். நர்ஸ் சொன்னாங்கள்ல?"

"வாயை மூடுடி! உழைக்கிற ஆம்பளைக்கு வர்றது சளியா? உடம்பு அலுப்பு."

பாசத்துக்கு அவனிடம் குறைச்சல் இல்லை. டிக்கெட் கிழித்த அந்த விரலாலேயே பிள்ளையின் உதட்டைத் தடவிக் கொஞ்சினான். பிள்ளையின் சட்டை விலகியிருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது.

எழுந்தாள். "குடுங்க. ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

"இந்த மழையிலயா? காலைல பாத்துக்கலாம்மா" என்றான் புருஷன்.

"கடைசி அறையிலயும் காலைல பாத்துக்கலாம்னுதான் சொன்னாங்க."

பிள்ளையை வாங்கித் தோளில் போட்டாள், குடையை எடுத்தாள்.

"படி தாண்டினா திரும்பி வராத!" என்று கத்தினாள் மாமியார்.

"பிள்ளை பொழைச்சா போதும் அத்தை. நான் எங்க வேணா இருந்துக்கறேன்."

கண்டக்டர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். இருமல்தான் வந்தது.

தெருமுனையில் ஒரு கடைத் தாழ்வாரத்தில் நின்று, பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டாள். மூச்சுத் திணறலுக்கு நடுவிலும் அது கொஞ்சம் குடித்தது. அவளுக்குக் கண் நிறைந்தது. குடையைச் சரிசெய்துகொண்டு ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"இந்த அநியாயத்தைக் கேளுங்கடி!" என்று மாமியார் வரிசையையே கூட்டியிருந்தாள். மழைக்கு ஒதுங்கிய பெண்கள் கூரைக்கு அடியில் அவளை நெருக்கிக்கொண்டு நின்றார்கள். அவள் இருமினாள், உள்ளங்கையால் மூக்கைத் துடைத்தாள், மறுபடி புலம்பினாள். அடுத்த அறைக்காரியின் இடுப்பில் கைக்குழந்தை.

"அக்கா! பிள்ளையை உள்ள தூக்கிட்டுப் போங்க!" என்று அடித்தொண்டையிலிருந்து கூவினாள் மருமகள்.

"பாத்தியா, போற போக்குல உன் பிள்ளை மேலயும் கண்ணு வைக்கிறா!" என்றாள் மாமியார். துடைத்த கையாலேயே அந்தக் குழந்தையின் கன்னத்தைக் கிள்ளினாள். "உங்க அம்மா பாலாவது நல்ல பாலா இருக்கட்டும்டா கண்ணா!"

குழந்தை பொக்கை வாயைத் திறந்து சிரித்தது.