வலது கீழ் மூலை

கடைக்காரர் பெரிய லென்ஸைக் கேமராவில் மாட்டிக் கொடுத்ததும் கண்ணை வைத்துப் பார்த்தேன். கடை முழுவதும் தெரிந்தது. கண்ணாடி அலமாரி, மேலே மின்விசிறி, கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர். வலது கீழ் மூலை மட்டும் இல்லை. அங்கே லென்ஸின் தடித்த கழுத்து கறுப்பாக அடைத்துக்கொண்டு நின்றது. எனக்கு வேண்டியதோ அந்த மூலைதான்.

அங்கேதான் என் அம்மா இருப்பாள். நாடகக் குழுவில் வசனம் எடுத்துக்கொடுப்பது அவள் வேலை. மேடையின் வலது ஓரத்தில், பக்கத்திரை பாதி மறைக்க, கையளவு விளக்கை மடியில் வைத்துக்கொண்டு குந்தியிருப்பாள். அரங்கத்தின் முன்கூடத்தில் நாடகத்துக்கு ஒன்றாகப் படம் மாட்டியிருக்கிறார்கள். சண்டை போட்டுக்கொண்டு போனவர்கள் அதில் இருக்கிறார்கள், ஒரே ஒரு காட்சியில் தட்டு ஏந்தி வந்தவர் இருக்கிறார், ஒரு படத்தில் வழிதவறி வந்த பூனைகூட இருக்கிறது. அம்மா எதிலும் இல்லை. கேட்டால், "என் மூஞ்சில என்ன வசனமா எழுதியிருக்கு, மாட்டி வச்சுப் படிக்க?" என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் முன்கூடத்தைக் கடக்கும்போது அவள் அந்தச் சுவர்ப் பக்கம் திரும்பவே மாட்டாள். பூனைக்குக் கிடைத்த இடம் என் அம்மாவுக்குக் கிடைக்கவில்லையே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்தமுறை படம் எடுக்கும் பொறுப்பு என் கைக்கு வந்தது. நாடகம் நடக்கும்போதே எடுக்க வேண்டும், ஃபிளாஷ் கூடாது, சத்தம் கூடாது, கொடுத்த நாற்காலியை விட்டு எழக்கூடாது என்று இயக்குநர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். என்னிடம் இருந்த பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவுக்குச் சத்தமே கிடையாது. ஆனால் அதோடு வந்த லென்ஸ் வெயில் அடித்தால்தான் வேலை செய்யும் சோம்பேறி. அதனால்தான் கடைக்கு வந்தோம். இந்த வகைக் கேமராவில் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. அதற்கு இடது மேல்பக்கம் இருக்கும் சின்ன ஜன்னல் வழியாகப் பார்க்க வேண்டும். லென்ஸ் பருத்திருந்தால் அந்த ஜன்னலுக்குள் மூக்கை நீட்டும்.

"படத்துல அந்த மூலை விழும்மா. உங்க கண்ணுக்குத்தான் தெரியாது" என்றார் கடைக்காரர்.

"தெரியாம எப்படிண்ணா அமுக்கறது?"

எனக்கு வேண்டிய நொடி ஒன்றே ஒன்று. குழுவின் கதாநாயகரைச் சிங்கம் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். மகன் வீட்டை விட்டுப் போனதும் சிங்கம் பேச்சற்று நிற்கும் காட்சி ஒன்று உண்டு. அந்த மௌனத்துக்கு அரங்கமே கைதட்டும். உண்மையில் அவருக்கு அங்கே ஒவ்வொரு தடவையும் வசனம் மறந்துபோகும். அம்மா தலையைத் தூக்கி உதட்டாலேயே எடுத்துக்கொடுப்பாள். அந்த உதடு எனக்கு வேண்டும்.

"அப்போ இந்தச் சின்னத வாங்கிக்கங்க. மறைக்காது. ஆனா அந்த வெளக்குக்கு இது பத்தாது. ஷட்டர் மெதுவாத்தான் போகணும், உதடு கலங்கிடும்."

வீட்டுக்காரரை மூலையில் அம்மா மாதிரிக் குந்தச் சொன்னேன். முனகிக்கொண்டே குந்தினார். பெரிய லென்ஸில் ஆளே காணாமல் போனார். சின்னதில் மீசையோடு வந்தார். மறுபடி பெரியது, மறுபடி சின்னது.

"சீக்கிரம் முடிவு பண்ணும்மா. மாமியாருக்காக இதுக்கு மேல என் முட்டி மடங்காது."

எனக்கு அழுகை வரும்போல இருந்தது. பெரியதைக் கழற்றிக் கொடுத்துவிடலாம் என்று கேமராவைத் திருப்பினேன். அது தலைகீழாக இருந்தது. ஜன்னல் இப்போது லென்ஸுக்குக் கீழே வலப்பக்கம் வந்திருந்தது. சும்மா கண்ணை வைத்தேன். மின்விசிறிப் பக்கம் இடது மேல் மூலை கறுப்பாகியிருந்தது. வலது கீழ் மூலையில் என் வீட்டுக்காரர், முட்டியைத் தேய்த்துக்கொண்டு, முழுசாக!

"இதுதான்!" என்று நான் கத்தியதில் கடைக்காரர் பதறி எழுந்தார்.

"பிலிமுக்கு ஏதும்மா மேலயும் கீழயும்? பிரிண்டைத் திருப்பி மாட்டுனா ஆச்சு" என்று சிரித்தார். "ஆனா இப்படிப் புடிச்சுப் பாத்து லென்ஸ் வாங்கறது நீங்கதான்."

நாடகத்தன்று நான் கேமராவைக் கவிழ்த்துப் பிடித்ததும் பக்கத்து நாற்காலிக்காரர் என்னை விட்டு ஓர் அங்குலம் தள்ளி உட்கார்ந்தார். ஃபோகஸ் சேராததால் அம்மாவின் நெற்றி ஜன்னலின் நடுவில் இரண்டாகத் தெரிந்தது. லென்ஸைத் திருகி அதை ஒன்றாக்கி வைத்துக்கொண்டு, மேடை முழுவதையும் கட்டத்துக்குள் கொண்டுவந்தேன். கட்டைவிரல் அடியில் இருந்த பொத்தானைத் தேடிப் பிடித்தது. மகன் போனான். சிங்கம் நின்றார். அரங்கம் மூச்சு விடவில்லை. மூலையில் அம்மா தலையைத் தூக்கினாள், உதடு பிரிந்தது, அமுக்கினேன். கைதட்டல் எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

படத்தைப் பார்த்த இயக்குநர் தாடையைச் சொறிந்தார். "பிரமாதம். ஆனா குட்டு ஒடஞ்சுடுதே. சிங்கம் ஒத்துக்கணும்."

சிங்கம் வாங்கிப் பார்த்தார். படத்தில் அவர் கண் போகும் திசையில்தான் அம்மா இருந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் மேடையின் அகலம் மட்டும்.

"மாட்டுங்க" என்றார். "நான் எப்பவும் அவங்களப் பாத்துத்தான் நிக்கறேன். ஜனங்களும் பாக்கட்டும்."

அடுத்த காட்சிக்கு வந்த கூட்டம் முன்கூடத்தில் அந்தப் படத்தை மொய்த்தது. அம்மாவை நான்தான் கையைப் பிடித்து இழுத்துவந்து நிறுத்தினேன். சுவர்ப் பக்கம் திரும்பினாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். என் கையை விடவில்லை.

"மூலையில இருக்கறது யாருங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

வேஷத்தோடு அங்கே வந்திருந்த சிங்கம் நிமிர்ந்தார். "இவங்களா? இவங்கதான் எங்க..." என்று முழங்கிவிட்டு நின்றார். சொல் வரவில்லை. கூட்டம் காத்திருந்தது. பழக்கதோஷத்தில் அம்மா தலையைத் தூக்கினாள், உதடு பிரிந்தது. பிறகு மூடிக்கொண்டாள். என் கையை விட்டுவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டு, தன் படத்துக்குக் கீழே நின்று, அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.