உமாராணியின் உடையாத கால்

உமாராணி பேரருவியில் காலையிலிருந்து குளிக்க வந்த கூட்டத்தை வரிசைப்படுத்திவிட்டு, நனைந்த பூட்ஸோடு மேலகரம் வந்து சேர்ந்தாள். ஸ்கூட்டி தெருமுனையில் திரும்பும்போது போன் அடித்தது. கணவன் முத்துச்செல்வம்தான்.

"எதுவும் கேக்காத. வண்டிய அங்கனயே நிறுத்திட்டு, வலது காலை கொஞ்சம் இழுத்துக்கிட்டு வா."

கேட்பதற்குள் வைத்துவிட்டான். பார்த்தால் வாசலில் கார் நிற்கிறது. முத்துச்செல்வம் வேலை பார்க்கும் கடையம் விதைக் கம்பெனியின் மேனேஜர் சிவசைலம் கார். போன வருஷ அருவி சீசனில் இதே காரிலும் இன்னொரு வேனிலுமாகப் பதினோரு பேர் வந்து இறங்கி, மூன்று நாள் குளித்துச் சாப்பிட்டுப் போனார்கள். தலைமைக் காவலர் உமாராணி டூட்டி முடித்து வந்து இட்லி அவித்தாள். இந்த ஆனியில் அவர் மறுபடி வருகிற பேச்சை எடுத்திருக்கிறார் என்பதும், வீட்டுக்காரிக்குக் கால் எலும்பு விரிசல் விட்டுவிட்டது என்று இவன் சொல்லிவைத்திருக்கிறான் என்பதும் அவளுக்கு வீட்டுக்குள் போன பிறகுதான் விளங்கியது. மேனேஜரும் அவர் மனைவி மீனாவும் பழத்தோடு கால் பார்க்க வந்திருந்தார்கள்.

"இந்தக் காலோட டூட்டிக்கா போறீங்க?" என்று மீனா பதறி எழுந்தாள்.

உண்மையைச் சொல்லத்தான் உமாராணி வாயைத் திறந்தாள். வந்ததோ வேறு. உட்கார்ந்து பார்க்கிற வேலைதான் கொடுத்திருக்கிறார்கள் என்றாள். பாசியில் வழுக்கியதையும், எக்ஸ்ரேயில் மயிரிழை மாதிரி தெரிந்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். முத்துச்செல்வம் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான். இவ்வளவு சரளமாக எங்கிருந்து வருகிறது என்று அவளுக்கே எரிச்சலாக இருந்தது.

மீனாவுக்கு மனசு தாங்கவில்லை. எலும்புக்குக் கட்டுப் போடுகிற சித்தப்பாவுக்குப் போன் செய்துவிட்டாள். அவர் மூங்கில் பத்தையும் எண்ணெயுமாகச் செங்கோட்டையிலிருந்து கிளம்பிவிட்டாராம். நான்கு நாள் இங்கேயே தங்கித் தானே சமைத்துப் போடுவதாகவும் சொன்னாள்.

உமாராணி காலை நேராக ஊன்றி எழுந்து நின்றாள்.

"எனக்கு கால்ல ஒண்ணுமில்ல மேடம். போன வருஷம் மாதிரி ஆக்கிப் போட என்னால முடியாது. அதச் சொல்ல இவருக்கு வாய் வரல. இவ்வளவுதான்."

மீனாவின் முகம் சிவந்துபோனது. சிவசைலம் வெளியே போய், வந்துகொண்டிருந்தவரைத் திரும்பிப் போகச் சொன்னார். பழத்தை வைத்துவிட்டு இருவரும் கிளம்பினார்கள்.

கார் போனதும் அவள் அவனைப் பிடித்துக்கொண்டாள். எதற்காக இப்படி என்று கேட்டாள்.

"சாரு ஆசையா கேக்காரு. முடியாதுன்னா மூஞ்சி சுண்டிப்போயிரும்லா."

"அப்போ என் மூஞ்சி?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "நீ கோவப்படுவ. பெறவு சரியாயிருவ."

ஸ்டேஷனில் பொய் சொல்கிறவர்கள் அடிக்குப் பயந்து சொல்வார்கள், கேஸுக்குப் பயந்து சொல்வார்கள். அந்தப் பயம் அவளுக்குப் புரியும். நூல் பிடித்துப் போனால் உண்மைக்கு வந்துவிடலாம். இவனோ எதிரில் இருப்பவர் முகம் ஒரு நிமிஷம் வாடுவதற்குப் பயப்படுகிறான். அந்த ஒரு நிமிஷத்தைத் தாண்ட யார் காலை வேண்டுமானாலும் உடைப்பான். இவனை எந்த செக்‌ஷனில் போடுவது?

நாளைக்கே மேனேஜரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றாள். சரி என்றான். திங்கள் சாயங்காலம் வந்து, கேட்டுவிட்டேன், சார் சிரித்துவிட்டார் என்றான். அவளுக்கும் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது.

செவ்வாய்க்கிழமை மீனா போன் செய்தாள். குரல் ரொம்பப் பதமாக இருந்தது.

"வலி மாத்திர சில பேருக்கு தலைக்கு ஏறிருமாம்லா. உங்க வீட்டுக்காரரு எல்லாத்தையும் சொன்னாரு. அன்னைக்கு நீங்க பேசுனத நாங்க மனசுல வச்சுக்கல அக்கா."

உமாராணி எதிரே பார்த்தாள். முத்துச்செல்வம் பேப்பரை முகம் மறையத் தூக்கிப் பிடித்திருந்தான்.

"மேடம், நான் எந்த மாத்திரையும் சாப்பிடல. நல்ல நெனவோடதான் சொன்னேன்."

"சரிக்கா, சரி. நீங்க ரெஸ்ட் எடுங்க."

அந்தச் 'சரி'யை அவளுக்கு நன்றாகத் தெரியும். நம்பாத ஆட்களிடம் அவளே தினமும் சொல்கிற 'சரி' அது. அதற்கு மேல் என்ன பேசுவது? ஆடி அமாவாசைக்குள் கால் கூடிவிடும், அப்போது குடும்பத்தோடு வரட்டுமா என்று மீனா கேட்டாள். உமாராணி போனை அவனிடம் நீட்டினாள்.

அவன் அவள் முகத்தைப் பார்த்தான், போனைப் பார்த்தான்.

"அதுக்கென்ன மேடம், தாராளமா வாங்க" என்றான்.

மறுநாள் காலை முதல் வேலையாக, அமாவாசை வாரம் முழுக்கத் தனக்கு அருவி டூட்டியும் இரவு முகாமும் போடச் சொல்லி உமாராணி எழுதிக் கொடுத்தாள். கிடைத்தும் விட்டது. வீட்டில் சொல்லவில்லை. வருகிறவர்களுக்கு இட்லி அவிப்பது முத்துச்செல்வத்தின் பாடு.