தம்பியின் இடது கன்னம்

காற்று நிரப்பும்போது லாரி டயர் வெடித்தது. அதன் இரும்பு வளையம் பறந்து வந்து முகத்தில் அடித்ததில், டயர் கடைக்காரரின் இரண்டு கன்ன எலும்புகளும் நொறுங்கிப் போயின. உயிர் பிழைத்ததே பெரிய விஷயம் என்றார்கள். மனுஷன் அடங்கினால்தானே? படுத்த படுக்கையிலிருந்தே கடையை அதட்டிக்கொண்டிருந்தார்.

அறுவை சிகிச்சைக்கு முன் டாக்டரம்மா கம்ப்யூட்டர் திரையைக் காட்டி விளக்கினார். கருவியின் நுனி எலும்பில் எங்கே நிற்கிறது என்று திரை காட்டிக்கொண்டே வருமாம். ஆனால் உடைந்த எலும்பு எங்கே போய்ச் சேரவேண்டும் என்பதற்கு ஒரு படம் வேண்டும். ஒரு பக்கம் உடைந்தால் மறுபக்கத்தின் படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். இவருக்குத்தான் ஒரு பக்கமும் மிஞ்சவில்லையே.

"இவரோட ரெட்டைத் தம்பி ஒருத்தர் இருக்காரு," என்றாள் மனைவி. "அச்சு அசல் இவரேதான்."

கடைக்காரருக்குச் சுருக்கென்றது. சேர்ந்து நடத்திய கடையை விட்டுத் தனிக்கடை போடுகிறேன் என்று தம்பி சொன்ன அன்று, நாலு பேர் முன்னால் இவர் கை நீட்டிவிட்டார். அதோடு பேச்சு நின்று வருஷக்கணக்காகிறது. லேசாக ஒரு தட்டு, அதற்குப் போய் உறவையே அறுத்துக்கொண்டான் ரோஷக்காரன் என்பதுதான் இவர் ஊரெல்லாம் சொல்லும் கதை. அவன் தயவு வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்றார். எலும்பு சரியாகப் பொருந்தாவிட்டால் கண் இறங்கிப்போய், பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரியலாம் என்று டாக்டரம்மா சொன்னதும் வீறாப்பு தளர்ந்தது. மனைவி போன் செய்தாள். தம்பி மறுநாளே வந்து ஸ்கேன் எடுத்துக் கொடுத்தான். அண்ணன் கூப்பிடவில்லை. தம்பியும் உள்ளே வராமல் போய்விட்டான்.

சாயங்காலம் டாக்டரம்மா வந்து தம்பியின் படத்தைத் திரையில் போட்டார்.

"தம்பியோட வலது பக்கத்தை மட்டும் எடுத்துத் திருப்பிப் போட்டுக்கறேன். இடது பக்கம் உதவாது. பழைய முறிவு, கோணலா சேர்ந்திருக்கு. அங்க இன்னிக்கும் மரத்துத்தான் இருக்காம். வழுக்கி விழுந்ததா சொன்னாரு."

திரையில் அந்த எலும்பு உள்ளே மடங்கியிருந்தது. கடைக்காரர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வலது கையை மெல்லப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

"விழல டாக்டர்," என்றார். "நான் அடிச்சது."

டாக்டரம்மா திரையை அணைத்துவிட்டுப் போனார். கடைக்காரர் மனைவியின் போனைக் கேட்டு வாங்கி, தம்பி எண்ணைத் தானே அழுத்தினார். என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் அவன் எடுத்துவிட்டான்.

"சொல்லுங்க அண்ணி. அண்ணனுக்கு வலி ஜாஸ்தியா இருக்கா?"