எல்லாவற்றிலும் மீதி

நப்லா டீச்சர் வாசலில் செருப்பைக் கழற்றுவதைக் கண்டதும் தனுஜா கணவன் ஜனகனின் உடலின் கால்மாட்டிலிருந்து எழுந்தாள். கட்டுகஸ்தோட்டை வீட்டுக்கு அந்தப் பெண் வருவது இதுவே முதல் தடவை.

மாநகரசபையில் எழுதுவினைஞனாக இருந்த ஜனகனுக்கும் கெலிஓயாவில் கணிதம் படிப்பித்த நப்லாவுக்கும் ஆறு வருடமாக ஓர் எண்தான் பேச்சு. 1234567891. அது பகா எண்ணா என்று கையாலேயே வகுத்துப் பார்க்கவேண்டும். முப்பத்தையாயிரத்துச் சொச்சம் வரையுள்ள எந்தப் பகா எண்ணாலும் மீதியின்றி வகுபடாவிட்டால் அதுவும் பகா எண். வகுத்துப் பார்க்க மூவாயிரத்து எழுநூறுக்கு மேல் இருந்தன. பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

"போன்ல தட்டினா ஒரு நொடியில தெரியுமே," என்று தனுஜா ஒருமுறை சொன்னாள்.

"அதுல என்ன ருசி?" என்றான்.

மாலையில் போனில் "மீதி பதினொன்னு, டீச்சர்" என்று சொல்லும்போது அவன் குரலில் வரும் குழைவு, இருபத்திரண்டு வருடத்தில் தனுஜாவின் பெயருக்கு வந்ததில்லை.

நேற்றுக் காலை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கடைசி வகுத்தலை முடித்துப் பென்சிலை வைத்தான். "டீச்சருக்குச் சொல்லிடு. என் பாதி முடிஞ்சிருச்சு. எல்லாத்துலயும் மீதி வருது."

தனுஜா வராந்தாவில் போனைக் கையில் வைத்தபடி சற்று நேரம் நின்றுவிட்டுத் திரும்பினாள்.

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"சந்தோஷப்பட்டாங்க."

மத்தியானம் போய்விட்டான்.

நப்லா உடலருகே நின்றுவிட்டு அவளிடம் வந்தாள். "ஜனகன் சேர் கடைசியா ஒண்டும் சொல்லல்லயா? அந்த எண்ணப் பத்தி?"

"இல்ல."

"என்ட பாதி போன மாசமே முடிஞ்சிட்டு. ஒண்டாலயும் வகுபடல்ல." நப்லா கண்ணைத் துடைத்தாள். "பரவாயில்ல. சேர்ட பாதியயும் நானே முதல்ல இருந்து செய்றன். ஆறு வருஷம் போகும். போகட்டும். அந்தி நேரத்துல சேரோட பேசிட்டு இருக்கிற மாதிரி இருக்கும்."

இன்னும் ஆறு வருடம். அந்தியானால் இருவரும் பேசிக்கொண்டே இருப்பார்கள் என்று தனுஜா எண்ணினாள்.

"வேணாம்," என்றாள். "அவரு முடிச்சிட்டாரு. எல்லாத்துலயும் மீதி வந்துச்சாம். உங்ககிட்ட சொல்லச் சொன்னாரு. நான்தான் சொல்லல."

நப்லா அவளையே பார்த்தாள்.

"அப்ப அது பகா எண்தான்," என்றவள் அருகில் வரிசையாகப் போட்டிருந்த கதிரை ஒன்றில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. சாவு வீட்டுக்கு வந்திருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

தனுஜாவும் அந்த வரிசையில், நடுவே ஒரு கதிரையை விட்டு, உட்கார்ந்தாள்.